மோட்டார் பகுதி: கியர் பாக்ஸ் ஏன் எண்ணெய் கக்குகிறது?



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று, சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் ஓர் அம்மையார் எழுதியது. அவருடைய மகன் கையால் கியர் மாற்றும் வண்டி ஒன்று வைத்திருக்கிறாராம். வாரநாட்களில் அதே வண்டியில்தான் வேலைக்குப் போகிறார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை அதை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், நாள் முழுக்க ஆசை தீர ஓட்டிவிட்டு வருகிறார். போன முறை திரும்பி வந்தபோது வண்டிக்கடியில் ஒரே எண்ணெய், புகைக்குழாயில் சொட்டிக் கருகிய நாற்றம் வேறு. பட்டறையில் பார்த்தவர், "கியர் பாக்ஸ் தலையில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் எண்ணெய் வெளியே வருகிறது, ஓர் ஆணியை முடுக்கி அடைத்துவிட்டால் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டார். அம்மையார் கேட்பது மூன்று கேள்விகள்: அடைக்கலாமா? இது ஆபத்தா? மகனைத் தடுத்துவிடட்டுமா?

மூன்றாவது கேள்வி தாய்க்கும் மகனுக்கும் இடையில் உள்ளது, அதில் நான் தலையிடுவதாக இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பொதுச் சாலையில் வேகம் காட்டாமல், 300 கிலோமீட்டருக்கு மேல் போய் அதற்கென்றே கட்டிய தடத்தில் ஓட்டுகிற பிள்ளை விவரமுள்ள பிள்ளைதான். முதல் இரண்டு கேள்விக்கும் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடைக்கவே கூடாது. ஆபத்து உண்டு; அது உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் வருகிற இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பந்தயம் என்பது அந்த அம்மையாரின் தெருவுக்குப் புதிதல்ல. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரே ஃபேரர் பார்க்கில் நடந்த குதிரைப் பந்தயத்தால் வந்தது. 1933-ல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியது, பிறகு கிராஞ்சிக்குப் போனது, கடைசியில் 2024 அக்டோபரோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே நின்றுபோனது. மோட்டார் பந்தயமும் இங்கே இருந்தது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில், பொதுச் சாலையையே அடைத்துவிட்டு, சுமார் 4.8 கிலோமீட்டர் சுற்றில் வண்டிகள் பறந்தன. விபத்துகளும் சாவுகளும் நேர்ந்தன, சாலையில் கண்மூடி ஓட்டும் பழக்கத்தை இது வளர்க்கிறது என்ற கவலையும் எழுந்தது, அத்தோடு நிறுத்தினார்கள். இன்று அந்த வளைவுகளில் குரங்குகள்தாம் நிதானமாகக் கடந்து போகின்றன. 2008 முதல் மரினா பேயில் இரவு வெளிச்சத்தில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயம் உலகப் புகழ் பெற்றது என்றாலும், உங்கள் மகனும் என் மகனும் அங்கே வண்டியை இறக்க முடியாது. ஆகவே ஆசையுள்ளவர்கள் பாலத்தைக் கடந்து மலேசியாவுக்குத்தான் போகிறார்கள். 1999-ல் திறந்த செப்பாங் தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15.

இதில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 1990-ல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்த பிறகு, பத்தாண்டு உரிமைக்குக் கொடுக்கும் பணத்தில் வேறு ஊரில் வண்டியே வாங்கிவிடலாம். தடத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எத்தனை குடும்பத்தால் முடியும்? சனிக்கிழமை செப்பாங்கில் சீறிய வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தக் கியர் பாக்ஸ் பழுதானால் வீட்டில் மாற்று வண்டி இல்லை.

சரி, அந்தத் துளை எதற்கு? பட்டறைக்காரர்கள் அதை 'பிரீதர்' என்பார்கள், நாம் மூச்சுத்துளை என்று வைத்துக்கொள்வோம். கியர் பாக்ஸ் ஓர் உலோகப் பெட்டி. உள்ளே பாதிக்குக் கீழே எண்ணெய், மேலே காற்று. ஓடும்போது பற்சக்கரங்கள் உரசியும் எண்ணெயைக் கடைந்தும் சூடேறுகின்றன. நிழலில் நின்ற வண்டியின் பெட்டி 30 டிகிரியில் இருக்கிறது என்றால், தடத்தில் கடுமையாக ஓட்டிய பிறகு எண்ணெய் 120 டிகிரியைத் தொடுவது அபூர்வமல்ல. துளையை அடைத்துவிட்டீர்கள் என்றால் உள்ளே இருக்கும் காற்று விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ முப்பது சதவீதம், அதாவது சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுக்குச் சற்று மேல். சமையலறைப் பிரஷர் குக்கரே 15 பவுண்டு தாங்குகிறதே, இது என்ன பிரமாதம் என்று கேட்பீர்கள். குக்கருக்கு அதற்கென்றே செய்த கனத்த ரப்பர் வளையம் இருக்கிறது. கியர் பாக்ஸின் ஆயில் சீலோ, சுழலும் தண்டை மெல்லிய ரப்பர் உதட்டால் தடவிக்கொண்டு நிற்பது. எண்ணெய் தெறிக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை, அழுத்தத்தைத் தாங்குவது அல்ல. மேலே அடைத்த எண்ணெய் கீழே சீல் வழியாகப் பிதுங்கும். முன்பக்கச் சீல் வழியாக வந்தால் நேரே கிளட்ச் தட்டில் போய் விழும், கிளட்ச் வழுக்கும். பிறகு பாக்ஸையே இறக்கினால்தான் வைத்தியம். ஓர் ஆணியில் தொடங்கிய சிக்கனம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

மூச்சுத்துளை வேண்டும் என்றால், சாதாரணச் சாலையில் அதன் வழியே எண்ணெய் வருவதில்லையே, தடத்தில் மட்டும் ஏன்? இங்கேதான் விஷயம் சுவையானது.

சிராங்கூன் ரோட்டுக் கடையில் தே தாரிக் இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். குவளையில் பாதி இருந்த தேநீர், உயரத்திலிருந்து நாலு முறை இழுத்து ஊற்றியதும் நுரை தளும்பி விளிம்பைத் தாண்டுகிறது. தேநீர் கூடவில்லை, காற்றுதான் கலந்தது. பற்சக்கரமும் மத்து மாதிரிதான். நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றில் அரைமணி நேரம் கடைந்தால் எண்ணெய் நுரைத்து எழும். நுரையை அடக்கும் மருந்து நல்ல எண்ணெயில் கலந்தே வரும். எண்ணெய் பழையதானாலும், தண்ணீர் கலந்தாலும், ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலந்து ஊற்றினாலும் அந்த மருந்து செயலிழந்துபோகும். போதாததற்குச் சூட்டில் எண்ணெயும் விரியும். இரண்டு லிட்டர் எண்ணெய் 90 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 100 மில்லிக்கு மேலேயே பெருகிவிடும்.

இன்னொரு காரணம் வளைவு. கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு பேருந்தில் நின்றால், வண்டி வலப்பக்கம் திரும்பும்போது தண்ணீர் இடப்பக்க விளிம்புக்கு ஏறுமல்லவா? நல்ல பிடிப்புள்ள டயர் போட்ட வண்டி, தடத்து வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும். அந்த நிலையில் பெட்டிக்குள் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். 30 சென்டிமீட்டர் அகலப் பெட்டி என்றால் ஒரு பக்கம் 15 சென்டிமீட்டர் ஏறி, மறுபக்கம் 15 சென்டிமீட்டர் இறங்கும். மூச்சுத்துளை ஏறுகிற பக்கத்தில் இருந்துவிட்டால் கதை முடிந்தது. விரிகிற காற்று வெளியேறப் பார்க்கிறது, துளையின் வாயில் எண்ணெயும் நுரையும் நிற்கிறது, காற்று அதைத் தள்ளிக்கொண்டுதானே வரவேண்டும்? செப்பாங்கின் முதல் வளைவே வலப்பக்கமாக நீண்டு சுருண்டுகொண்டே போவது. சாலையில் ஒரு திருப்பம் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். தடத்திலோ அரைமணி ஓட்டத்தில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போனாலும் என்ன ஆகும்!

பால் பொங்கினால் வீட்டில் மகிழ்ச்சி. கியர் பாக்ஸ் பொங்கினால் நடப்பது வேறு. எண்ணெய் குறைந்த பெட்டியில் கியர் மாற்றும்போது கரகரக்கும், பேரிங்குகள் வறளும். சில பெட்டிகளில் ஐந்தாவது கியர் தனியாக ஒரு கோடியில், எண்ணெய் எட்டுவதற்குக் கடினமான இடத்தில் இருக்கும். தடத்தில் எண்ணெயைக் கக்கிய வண்டியை அன்று மாலையே நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 110 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினால், சேதம் தடத்தில் அல்ல, ஜொகூர் வரும் வழியில்தான் நேரும். இது பலர் யோசிக்காத இடம்.

அடுத்தது தீ. கியர் எண்ணெயின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை சுமார் 200 டிகிரி. கடுமையாக ஓட்டிய வண்டியின் புகைக்குழாயில், எஞ்சினை ஒட்டிய பகுதி அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். ஒவ்வொரு சொட்டும் பற்றிக்கொள்ளும் என்று பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலும் புகைந்து நாறுவதோடு நிற்கும். ஆனாலும் அந்த நாற்றம் ஓர் எச்சரிக்கை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது தடத்தில் விழுகிற எண்ணெய். வண்டி வளைவில் திரும்பும்போதுதானே கக்குகிறது? அப்படியானால் எண்ணெய் விழுவதும் வளைவில்தான், எல்லோரும் டயர் பிடிப்பின் கடைசி எல்லையில் நிற்கும் அதே கோட்டில். கக்கிய வண்டியின் பின்சக்கரமே அதன்மேல் ஏறி வழுக்கலாம். பின்னால் வருகிறவருக்கோ எதுவும் தெரியாது. காவலர் கண்ணில் பட்டால் மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் போட்ட கொடியை ஆட்டுவார். தடம் வழுக்குகிறது என்று அர்த்தம். காவலர் பார்ப்பதற்கு முன் அந்த இடத்தை அடைகிறவருக்குக் கொடி ஏது? இதற்காகத்தான் அனைத்துலக மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள், எஞ்சின் பிரீதர் வெளியே திறந்திருக்கும் பந்தய வண்டிகளுக்கு எண்ணெயைப் பிடிக்கும் 'கேட்ச் டேங்க்' கட்டாயம் என்கின்றன. 2000 சி.சி. வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவு. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் வேண்டும். கியர் பாக்ஸுக்கும் அதே நியாயந்தானே?

இடையில் ஒரு விஷயம். தாம்சன் ரோட்டுக் காலத்தில் ஓடிய மினி கூப்பர் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை தனியாக இல்லை. மினியில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே உட்கார்ந்து, எஞ்சின் எண்ணெயையே பங்கு போட்டுக்கொள்ளும். கூட்டுக் குடும்பம் மாதிரி, சௌகரியமும் சண்டையும் ஒரே பாத்திரத்தில்!

இனி பரிகாரத்துக்கு வருவோம். அதைத் தோட்டத்து வாசகர்கள் எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். ரப்பர்த் தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓட்டிய டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூடான வண்டி ஆற்றில் இறங்கினால், அச்சுப் பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியே ஆற்று நீரை உறிஞ்சிவிடும். மறுநாள் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். அதனால் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, நீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவார்கள். காட்டில் தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் செய்ததையே, தடத்தில் எண்ணெய் வெளியே போகாமலிருக்கச் செய்கிறோம். வேலை ஒன்றுதான்.

கியர் பாக்ஸின் மூச்சுத்துளை மூடியைக் கழற்றிவிட்டு, அதில் ஒரு குழாய் முனையைப் பொருத்தி, எண்ணெயும் சூடும் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டுங்கள். மீன் தொட்டிக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சூட்டில் இளகிவிடும், பிறகு விறைத்து வெடிக்கும். ஹோஸ் ரொம்ப ஒல்லியாகவும் இருக்கக் கூடாது. பென்சில் கனத்துக்குக் குறைந்தால் எண்ணெயும் காற்றும் ஒன்றையொன்று விலகிப் போக இடமிராது, பேனா ரீஃபிலில் மை நிற்பதுபோல் எண்ணெய் உள்ளேயே தேங்கி அடுத்த மூச்சில் மேலே தள்ளப்படும். ஹோஸ் துளையிலிருந்து மேல்நோக்கியே போகவேண்டும், வழியில் எங்கும் தாழ்ந்து தொங்கக் கூடாது. தாழ்ந்த இடத்தில் எண்ணெய் தங்கினால் அதுவே ஓர் அடைப்பு. சீராக ஏறும் ஹோஸில் வளைவின்போது ஏறிய எண்ணெய், நேர்சாலை வந்ததும் தானாக வழிந்து பெட்டிக்கே திரும்பிவிடும். பாதிப் பேருக்கு இந்த உயரமே போதும், கேட்ச் டேங்க் காலியாகவே கிடக்கும்.

ஆனாலும் டேங்க் வைக்கத்தான் வேண்டும். அரை லிட்டர் அளவுள்ள உலோகக் கலம், எஞ்சின் அறையில் உயரமான இடத்தில், புகைக்குழாயிலிருந்து தள்ளி, இரண்டு இடத்தில் திருகிக் கட்டியதாக இருக்கட்டும். குடித்துப் போட்ட பிளாஸ்டிக் போத்தலைக் கம்பியால் கட்டிக்கொண்டு தடத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அது உருகினாலோ கழன்றாலோ, துளித்துளியாகப் போக வேண்டியது ஒரே இடத்தில் கொட்டும். கலத்தின் தலையிலும் ஒரு சிறு வடிகட்டி மூடி வழியாகக் காற்று போய்வர வேண்டும். இறுக்க மூடிய டேங்க் வைத்தால் ஆணியால் அடைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எஞ்சினின் காற்று உறிஞ்சும் குழாயோடு இதைச் சேர்க்கவும் வேண்டாம்; கியர் எண்ணெய் எஞ்சினுக்குள் போய் எரிய வேண்டியதல்ல.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரிதல்ல. ஹோஸும் கிளிப்பும் ஜாலான் புசார் பக்கத்து இரும்புச்சாமான் கடைகளில் கிடைக்கும். சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் கொடுத்தாலும் ஒரு காலைப்பொழுது வேலை. வண்டியில் எதை மாற்றுவதானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்கு ஒத்துப்போகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளில் வாதாடிப் பயனில்லை.

ஹோஸ் வாங்க ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கக்குகிற வண்டிகளில் சில, அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியதால் கக்குபவை. வண்டியின் முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு 'வழியும்வரை ஊற்று' என்றால் அளவு தப்பத்தான் செய்யும். நாலு சக்கரமும் சமமாக இருக்கும்போதுதான் அந்த மட்டம் சரி. தடத்துக்குப் போகிறோம், அரை லிட்டர் கூட இருக்கட்டும் என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. உயர்ந்த ஹோஸும் டேங்கும் வைத்த பிறகு, அந்தப் பெட்டியை நன்கு அறிந்தவர் சொன்னால் ஒழிய, நான் அதை ஏற்கமாட்டேன்.

எண்ணெய் வகை கையேட்டில் சொன்னதாக இருக்கட்டும். ஜி.எல்-5 என்பது ஜி.எல்-4-ஐவிட உயர்ந்தது என்று நினைத்து மாற்றி ஊற்றுகிறார்கள். எண் கூடினால் தரம் கூடியது என்று எண்ணம். பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பெட்டிகளில் ஜி.எல்-5-ன் கந்தக மருந்து அந்த வளையத்தையே அரிக்கக் கூடும்.

கக்குவது மூச்சுத்துளைதானா, சீலா என்று கண்டுபிடிக்க ஒரு வீட்டு வைத்தியம். பெட்டியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவி, கொஞ்ச தூரம் வேகமாக வளைத்து ஓட்டக்கூடிய தடத்தில் ஒரு சுற்று போய்வாருங்கள். ஈரக் கோடு உச்சியிலிருந்து இறங்கினால் மூச்சுத்துளை. சக்கரத் தண்டு நுழையும் இடத்திலிருந்து தொடங்கினால் சீல். சீல்தான் என்றால், யாராவது ஏற்கெனவே துளையை அடைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சேற்றாலும் பெயிண்டாலும் தானாக அடைத்துக்கொண்ட துளைகளும் உண்டு.

ஹோஸ் மாட்டிய பிறகு தடத்தில் ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் டேங்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி என்றால் கவலை இல்லை. காப்பிக் கிளாஸில் கால்வாசி சேர்ந்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அளவு பார்த்து, குறைந்ததைப் புது எண்ணெயால் நிரப்பிவிட்டுத்தான் அடுத்த சுற்று. டேங்கில் விழுந்ததைத் திரும்பப் பெட்டியில் ஊற்ற வேண்டாம், அதில் ஈரமும் தூசியும் சேர்ந்திருக்கும். அதே எண்ணெயில் ஒரு லிட்டர் டின் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். தடத்தை விட்டுப் புறப்படுமுன் கடைசியாக ஒரு முறை பார்த்தால் வீடு திரும்பும் 300 கிலோமீட்டரும் நிம்மதி.

எண்ணெய் மாற்றும் நாளில் ஒரு வார்த்தை. கீழே உள்ள வடிகால் ஆணியைத் திறப்பதற்கு முன், ஊற்றும் துளையின் ஆணி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்ததையெல்லாம் வடித்துவிட்டு, மேல் ஆணி துருப்பிடித்துக் கழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். வடிகால் ஆணியின் காந்தத்தில் கறுப்பு மை மாதிரி மெல்லிய பசை ஒட்டியிருந்தால் அது இயல்பு. விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் பட்டறைக்குப் போக வேண்டிய நேரம். வடித்த எண்ணெயை அளந்து, கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். அளந்து முடிந்ததும் சாக்கடையில் கொட்டாமல் போத்தலில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.